மூன்று கிரெடிட்

அஜ்மான், அல் ஜுர்ஃப்.
மணல் பறக்கும் சாலையின் கடைசியில் எங்கள் பல்கலைக்கழகம்.
பெண்கள் வாசல் மேற்கே, ஆண்கள் வாசல் கிழக்கே,
நடுவில் பள்ளிவாசலும்
கட்டணம் வாங்கும் அலுவலகமும்.

அலுவலகத்தில் எனக்கு டோக்கன் நூற்றுப் பதினேழு.
என் பெயருக்கு எதிரே திரையில் சிவப்பாக ஒரு சொல்:
ஹோல்ட்.
ஜெமிமா சாமுவேல்ராஜ், பார்மசி, மூன்றாம் ஆண்டு,
பாக்கி நாலாயிரத்து இருநூறு திர்ஹம்.
வியாழனுக்குள் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் வராது.
அப்பாவின் கம்பெனியோ மூன்று மாதமாக
'அடுத்த வாரம்' என்பதையே
சம்பளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு இஸ்லாமியப் பண்பாடு.
எல்லோருக்கும் கட்டாயம், மூன்று கிரெடிட்,
சாயர்புரத்துச் சர்ச்சில் ஞானஸ்நானம் பெற்றவளுக்கும்.
சேரும்போது பயந்ததுபோல
யாரும் என்னை எதுவாகவும் மாற்றவில்லை.
வருகைப் பதிவு எழுபத்தைந்து சதவீதம் இருந்தால் போதும்.
அன்று டாக்டர் ஹனான் சொன்னார்:
வேதத்தில் ஆக நீளமான வசனம்
சொர்க்கத்தைப் பற்றியதல்ல, நரகத்தைப் பற்றியதும் அல்ல.
கடனைப் பற்றியது.
எழுதிக்கொள்ளச் சொல்கிறது. தவணை குறித்து, சாட்சி வைத்து,
சின்னத் தொகைதானே என்று சலித்துக்கொள்ளாமல்.
ஒரு பக்கம் முழுக்க அதுதான்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
நான் குறிப்பெடுத்தேன்.

எங்கள் வீட்டில் இரவு ஒன்பதுக்கு ஜெபம்.
கட்டிலும் அடுப்பும் எட்டடி தூரத்தில் இருக்கும் அறையில்
ஏசியை அணைத்துவிட்டு முழங்காலிடுவோம்
(அந்தச் சத்தத்தில் ஆண்டவருக்குக் கேட்காது என்பாள் அம்மா).
எங்கள் கடன்களை மன்னிக்கச் சொல்லிக் கேட்போம்.
எங்களுக்குக் கடன்பட்டவர்களை
நாங்களும் மன்னிப்பதாகச் சொல்வோம்.
அப்படி ஒருவரும் இல்லாததால்
அந்தப் பாதி சுலபம்.

ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசை இப்திஹால்.
ஓம்துர்மானில் அவள் வீடு இருந்த தெரு
இப்போது செல்போனில் ஒரு படம் மட்டும்.
எப்படித் தெரிந்ததோ,
தராசில் பொடியை நிறுத்துக்கொண்டே
எவ்வளவு என்று கேட்டாள்.
நான் சொல்லவில்லை. திரும்பவும் கேட்டாள்.
லேப்டாப்புக்கு வைத்திருந்த பணம் இருக்கிறது,
ஆனால் எழுத வேண்டும் என்றாள்.
என்மேல் நம்பிக்கை இல்லையா?
நம்பிக்கை இருக்கும்போதுதான் எழுத முடியும்,
சண்டைக்குப் பிறகு யார் பேனா தருவார்கள்?

லேப் நோட்டின் கடைசித் தாள்.
கடன்பட்டவள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம்.
சொன்னேன். என் குரலில் என் பாக்கியை
அன்றுதான் முதலில் கேட்டேன்.
அரபியில் எழுதினாள்.
சாட்சிக்கு நஜ்லா வந்தாள், மலையாளத்தில் ஒப்பமிட்டாள்.
தரை துடைக்கும் குமுது சிங்களத்தில்.
ஓர் ஆண் வேண்டுமே.
பெண்கள் பக்கம் ஆண் வந்தால் மணியடித்துக்கொண்டு வரவேண்டும்.
மணியோடு வந்தவர் ஏசி மெக்கானிக் சிங்காரவேலு, ஒரத்தநாடு.
"ஜாமீன் ஒண்ணும் இல்லையே தங்கச்சி?"
"சாட்சி மட்டும்தான் அண்ணே."
ஏணியிலிருந்து இறங்காமலே தமிழில் போட்டார்,
கீழே கோடு இழுத்து இரண்டு புள்ளியும் வைத்தார்.

தேர்வில் அந்த வசனம் வரவேயில்லை.
கேட்டது திருமண ஒப்பந்தம்.
பி பிளஸ்.

நுஐமியாவில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தந்து
மாதம் முந்நூறு கொடுக்கிறேன்.
இப்திஹால் என் முகத்தைப் பார்க்காமல்
ஒவ்வொரு நோட்டாக எண்ணுகிறாள்.
அப்படி எண்ணுவது எனக்குப் பிடித்திருக்கிறது.
இன்னும் இரண்டாயிரத்து எழுநூறு.

இரவு ஜெபத்தில் அந்த வரி வரும்போது
வாயை மூடிக்கொள்கிறேன்.
அம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறாள்.
பார்க்கட்டும்.
இந்த ஒன்றை யாரும்
மன்னித்துவிட வேண்டாம்.